ஹோவர்டு சர்வகலாசாலையின் கால்பந்துப் பருவம், 1974

கால்பந்துப் பந்தயத்தின் வெற்றி தோல்வி எவ்விடத்தில் முடிவாகின்றது என்று நம் மாணாக்கரை வினவின், மைதானத்தில் என்று தயங்காது விடை கூறுவர். பல ஆண்டுகளாகக் கலாசாலைப் பந்தயங்களைக் கண்டு வந்துள்ள நாம் அவ்விடையை முழுவதும் ஒப்புக்கொள்ளத் துணியோம். ஒரு பருவம் முழுதும் உழைத்துப் பெற்ற கேடயம், ஆட்டக்காரருள் ஒருவன் உண்மையில் அக்கலாசாலையின் மாணாக்கன்தானா என்ற ஒரே வினாவினால் கைமாறியதை நாம் நேரிற் கண்டதுண்டு. தோற்றபின் அக்கேடயத்தைப் பெற்றுக்கொண்ட கட்சியாருக்கும் அது இனிக்கவில்லை என்பதையும் கண்டோம். பழைய மாணாக்கருள் சிலர் இவ்வரிகளைப் படிக்குங்கால் நகைப்பர். எந்த ஆண்டு, எந்தக் கேடயம் என்பதை அவர்களே அறிவார்களாதலின் நாம் கூறாது விடுகின்றோம்.

இத்தகைய வழக்கொன்று மிகப் பெரிய அளவில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்தது. வாஷிங்டன் மாநகரிலுள்ள ஹோவர்டு சர்வகலாசாலையின் கால்பந்துக் கட்சியார் 1971ஆம் ஆண்டில் நாட்டின் தலைமைப் பட்டத்தை வென்றனர். 1973இல் அதனை இழந்தனர். 1974இல் ஒரு பந்தயத்திலேனும் தோலாமலும் சரிசமனாய் முடியாமலும் ஆடி மீண்டும் அப்பட்டத்தை வென்றனர். அவர்களுடைய 1974ஆம் ஆண்டுப் பருவத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும் அதற்கு முன்னிருந்த மூன்றாண்டுகளை அறியாதார்க்கு அப்பருவம் வெறும் எண்களின் வரிசையாகவே தோன்றுமாதலின், அவற்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். நாம் ‘புட்பால்’ என்றழைக்கும் ஆட்டத்தை அமெரிக்கர் ‘ஸாக்கர்’ என்பர். ‘அஸோஸியேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் நடுப்பகுதியைப் பிடித்து இங்கிலாந்து மாணாக்கர் விளையாட்டாய்ப் படைத்த பெயர் அது. அமெரிக்கர் ‘புட்பால்’ என்பது முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறோர் ஆட்டம். கூட்டமும் பணமும் புகழும் அதற்கே. ஸாக்கர் அக்கலாசாலைகளில் நெடுங்காலம் இளைய பிள்ளையைப்போல் ஒரு மூலையில் வளர்ந்தது. ‘என்.ஸி.ஏ.ஏ.’ எனப்படும் தேசியக் கலாசாலை விளையாட்டுச் சங்கத்தார் 1959ஆம் ஆண்டிலேதான் அதற்கென ஒரு தலைமைப் பந்தயத்தை ஏற்படுத்தினர். இலையுதிர் காலத்தில் கலாசாலைகள் தத்தம் அயற் கலாசாலைகளோடு ஆடும். சிறந்தவை எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை பருவத்தின் இறுதியில் ஒன்றையொன்று எதிர்க்கும். தோற்றவர் வீடு செல்வர். கடைசியில் எஞ்சும் கட்சிக்கே பட்டம்.

ஹோவர்டு சர்வகலாசாலை 1867ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுபட்ட காலம் அது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குப் போதகர்களைப் பயிற்றுவிக்கும் பாடசாலையொன்று வேண்டுமென்று வாஷிங்டனிலிருந்த காங்கிரிகேஷனல் சபையினர் சிலர் கூடிப் பேசிய பேச்சே அதன் வித்து. பாடசாலை என்று தொடங்கிய எண்ணம் சில மாதங்களுக்குள் சர்வகலாசாலையாய் விரிந்தது. விடுதலை பெற்றோர் நலனுக்கென அரசாங்கம் அமைத்த இலாகாவின் தலைவராயிருந்த ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்டு என்னும் படைத்தலைவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. பெயர் ஒத்திருத்தலால் இதனை மாஸச்சூஸெட்ஸிலுள்ள ஹார்வர்டுடன் மயங்கலாகாது. பின்னே ஓரிடத்தில் இவ்விரண்டும் எதிரெதிரே நிற்கக் காண்போம்.

நம் நாட்டார்க்கும் இக்கலாசாலைக்கும் சிறு தொடர்பொன்றுண்டு. அங்கே சமயப் பேராசிரியராயிருந்த ஹோவர்டு தர்மன் என்பார், 1935ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கொழும்பில் வந்திறங்கி, இலங்கையிலும் இந்தியாவிலும் பல கலாசாலைகளில் மாணாக்கரோடு உரையாடி, 1936இல் பர்தோலியில் காந்தியடிகளைக் கண்டு பேசினார். இதனை ஒரு பக்கக் குறிப்பாகவே இங்கே சொன்னோம். எனினும் அயல்நாட்டாரோடு அக்கலாசாலை கொண்டிருந்த உறவு எத்துணை இயல்பானது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவராய் விளங்கிய நம்தி அஸிகிவே அங்கே சிலகாலம் பயின்றவர். டிரினிடாடின் முதற் பிரதமர் எரிக் வில்லியம்ஸ் அங்கே ஆசிரியராயிருந்தவர். ஆதலின் மேற்கிந்தியத் தீவுகளிலும் ஆப்பிரிக்காவிலுமிருந்து இளைஞர்கள் உயர்தரக் கல்வி நாடிப் புறப்படுங்கால், பலருக்கு முதலில் நினைவில் எழுந்த பெயர்களுள் ஹோவர்டும் ஒன்று. அவ்விளைஞர்கள் கால்பந்தைத் தாய்மொழிபோல் அறிந்தவர்கள். ஆங்கிலேயர் ஆண்ட இடமெல்லாம் மூன்று பொருள்களை விட்டுச் சென்றனர் என்பர்: கச்சேரி, கேம்பிரிட்ஜ் பரீட்சை, பந்து. இவற்றுள் நடுவிலுள்ள பொருள் இக்கதையில் மீண்டும் வரும்.

1970ஆம் ஆண்டில் லிங்கன் பிலிப்ஸ் என்னும் டிரினிடாட் நாட்டவர் ஹோவர்டின் பயிற்சியாசிரியரானார். 1967ஆம் ஆண்டு பான் அமெரிக்கப் பந்தயங்களில் மூன்றாமிடம் பெற்ற டிரினிடாட் கட்சியில் கோல்கீப்பராய் நின்றவர்; பின்னர் அமெரிக்காவில் ஊதியம் பெற்று ஆடும் கட்சிகளில் ஆடியவர். கோல் காப்பவன் ஆட்டம் முழுவதையும் தன் முன்னே விரித்த படம்போல் காண்கிறான் என்பது அனுபவசாலிகளின் கருத்து. நல்ல பயிற்சியாசிரியர் பலர் அவ்விடத்திலிருந்து தோன்றுதல் வியப்பன்று. டிரினிடாட், ஜமைக்கா, நைஜீரியா முதலிய பல நாட்டு மாணாக்கரை, அவரவர் நாட்டு ஆட்ட முறையோடு, ஒரே கட்சியாய் இணைப்பது அவருடைய வேலையாயிற்று. முதலாண்டிலேயே ஹோவர்டு நாட்டின் முதல் நான்கு கட்சிகளுள் ஒன்றாயிற்று.

அக்காலத்தில் கலாசாலைக் கால்பந்தின் அரசன் யார் எனின், ஸெயிண்ட் லூயிஸ் சர்வகலாசாலை. மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் அப்பெயர் கொண்ட நகரத்தில் சேசு சபையார் நடத்துவது. 1959ஆம் ஆண்டில் நடந்த முதல் தலைமைப் பந்தயத்தை வென்றதும் அதுவே. 1973 வரை பத்துமுறை பட்டம் பெற்றதும் அதுவே. இன்றளவும் அவ்வெண்ணிக்கையை எக்கலாசாலையும் எட்டவில்லை. அதன் வலிமைக்குக் காரணம் அந்நகரமே. அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து குடியேறியோர் அங்கே பந்தையும் கொண்டுவந்தனர். ஒவ்வொரு கோயிற்பங்கிலும் சிறுவர் கட்சியொன்று இருந்தது. பங்குகளுக்கிடையே பந்தயங்கள் நடந்தன. ஆறு வயதில் அம்மைதானங்களில் இறங்கிய சிறுவன் பதினெட்டு வயதில் அதே நகரத்துக் கலாசாலைக்கு ஆடினான். பயிற்சியாசிரியர் ஹாரி கீயோவும் அவ்வூராரே. 1950ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், பிரேஸில் நாட்டு பெலோ ஹொரிஸாண்டே நகரில், இங்கிலாந்தை ஒன்றுக்குப் பூஜ்யமாய்த் தோற்கடித்து உலகைத் திகைக்கவைத்த அமெரிக்கக் கட்சியில் அவர் ஆடினார். அக்கட்சியில் ஸெயிண்ட் லூயிஸ் நகரத்தார் ஐவர் இருந்தனர். ஆனால் அந்த ஒரே கோலை அடித்தவர் ஜோ கேட்ஜென்ஸ், ஹெயிட்டித் தீவினர், நியூயார்க் நகரில் கொலம்பியா சர்வகலாசாலையில் பயில வந்தவர், அப்பொழுது அமெரிக்கப் பிரஜையும் அல்லர். கரீபியத் தீவிலிருந்து வந்த ஒரு மாணாக்கரின் கோலால் அமெரிக்கா பெற்ற அப்புகழை யாரும் இரத்துச் செய்யவில்லை என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

1971ஆம் ஆண்டில் ஹோவர்டு ஒரு பந்தயத்திலும் தோற்கவில்லை. அரையிறுதியில் ஹார்வர்டை ஒன்றுக்குப் பூஜ்யமாய் வென்றது. டிசம்பர் மாத இறுதியில் மயாமி நகர ஆரஞ்சு பௌல் மைதானத்தில் ஸெயிண்ட் லூயிஸை எதிர்த்து, மூன்றுக்கு இரண்டு கோல்களாய் வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. கறுப்பின மாணாக்கருக்கென ஏற்பட்ட கலாசாலைகளுள் ஒன்று, அச்சங்கத்தின் முதல் தரப் பந்தயங்களில், எந்த விளையாட்டிலாயினும் தலைமைப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டும் அரையிறுதி வரை சென்று அதே ஸெயிண்ட் லூயிஸிடம் இரண்டுக்கு ஒன்றாய்த் தோற்றது. அது மைதானத்தில் பெற்ற தோல்வி. அதில் குறைகூற யாதுமில்லை.

இதற்கிடையே சங்கத்தார் ஹோவர்டு ஆட்டக்காரரின் தகுதியைப் பற்றி விசாரணை தொடங்கியிருந்தனர். 1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவு வெளியாயிற்று. 1971ஆம் ஆண்டுப் பட்டம் நீக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டு பெற்ற இடமும் அழிக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டுத் தலைமைப் பந்தயத்தில் ஹோவர்டு கலந்துகொள்ளலாகாது என்றும் விதிக்கப்பட்டது. எந்த விதிகள் மீறப்பட்டன என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனின் வழக்கின் உயிர் அவற்றிலேதான் இருக்கின்றது.

முதலாவது, ஐந்தாண்டு விதி. ஒரு மாணாக்கன் முதன்முதல் எந்த உயர்தரக் கலாசாலையில் சேர்கின்றானோ, அந்நாள் தொட்டு ஐந்தாண்டுகளுக்குள் அவன் கலாசாலை ஆட்டங்களையெல்லாம் ஆடி முடித்துவிடவேண்டும். இதில் அநியாயம் ஒன்றும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. பரீட்சையில் தேறாமலே கேடயங்களில் தேறிக்கொண்டிருக்கும் நித்திய மாணாக்கரை எக்கலாசாலையும் அறியும். நம் விடுதியும் அறியும்.

இரண்டாவது, 1.600 விதி. இது சற்றே விசித்திரமானது. முதலாண்டு மாணாக்கன் கலாசாலையில் எத்துணை மதிப்பெண் பெறுவான் என்பதை, அவன் உயர்நிலைப் பள்ளியில் பெற்ற இடத்தையும் அமெரிக்கப் பொதுத் தேர்வொன்றில் பெற்ற எண்ணையும் கொண்டு முன்கூட்டியே கணிக்கவேண்டும். நாலு என்பதை உச்சமாகக் கொண்ட அளவில் அக்கணிப்பு 1.600க்குக் குறையுமாயின் அவன் ஆடலாகாது. ஹோவர்டு ஆட்டக்காரர் சிலர் விஷயத்தில் இக்கணிப்புச் செய்யப்படவில்லை என்பது குற்றச்சாட்டு. தீவுகளின் பள்ளிகளில் அக்காலத்து நடந்தவை இங்கிலாந்திலிருந்து வரும் வினாத்தாள்களைக் கொண்ட பரீட்சைகள். சீனியர் கேம்பிரிட்ஜ் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்கப் பள்ளிக் கணக்கில் தன் இடம் யாதெனத் தேடும் இளைஞனின் நிலையை, நம் பழைய மாணாக்கருள் வெளிநாடு சென்றோர் நன்கறிவர். அன்றியும், மாணாக்கன் வகுப்பிலிருந்து பரீட்சை எழுதித் தேறிய பின்னர், அவன் தேறுவானா என்று முன்னே கணிக்கவில்லை எனக் குறைகாண்பது, அறுவடை முடிந்த வயலில் மழை வருமா எனச் சோதிடம் பார்ப்பதை ஒக்கும் என்பது எமது கருத்து. சங்கத்தாரே அவ்விதியை 1973ஆம் ஆண்டில் கைவிட்டனர்.

மூன்றாவதே முக்கியமானது; அயல்நாட்டு மாணாக்கர் விதி என்பது அதன் பெயர். அமெரிக்கப் பிரஜையல்லாத ஒருவன், பத்தொன்பது வயது நிறைந்தபின், கலாசாலையில் சேருமுன், தன் நாட்டில் ஏதேனும் ஒழுங்கான கட்சியில் ஓராண்டு ஆடியிருப்பானாயின், அது அமெரிக்கக் கலாசாலையில் ஓராண்டு ஆடியதற்குச் சமமாகக் கணக்கிடப்படும். இரண்டாண்டு ஆடியிருப்பின் இரண்டாண்டு குறையும். ஊதியம் பெற்று ஆடினானா இல்லையா என்பது கேள்வியேயன்று. பார்வைக்கு நியாயம்போல் தோன்றும்: இருபத்து நான்கு வயது நிரம்பிய தேர்ந்த ஆட்டக்காரனைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் எதிரே நிறுத்துவது தகாது அன்றோ? ஆனால் அதே வயதுடைய அமெரிக்க இளைஞன் தன் ஊரில் எத்துணை ஆண்டுகள் எக்கட்சியில் ஆடியிருப்பினும் அவனுக்கு ஒரு நாளும் குறைவதில்லை. கப்பற்கூலிக்கும் கலாசாலைச் சம்பளத்துக்கும் பணம் சேர்க்க ஈராண்டு, மூவாண்டு எங்கேனும் வேலைபார்த்து, மாலையில் ஊர்க் கட்சியில் பந்தாடிய தீவு இளைஞன் மாத்திரம் அதற்கு விலை கொடுக்கவேண்டும்.

சர்வகலாசாலையார் வாளா இருக்கவில்லை. சங்கத்தின்மீது நியாயஸ்தலத்தில் வழக்குத் தொடுத்தனர். 1973ஆம் ஆண்டில் வாஷிங்டன் ஜில்லா நீதிபதி கெஸெல் என்பார் தீர்ப்புக் கூறினார்; 1975இல் மேல்நியாயஸ்தலமும் அதை உறுதிப்படுத்திற்று. அயல்நாட்டு மாணாக்கர் விதி, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் அடிப்படைக்கு மாறானதாதலின் செல்லாது என்பது தீர்ப்பின் ஒரு பாதி. மற்றை இரண்டு விதிகளும் செல்லும். ஆதலின் தண்டனையும் நிற்கும் என்பது மறு பாதி. ஹோவர்டு வழக்கிலும் வென்றது, பட்டத்தையும் இழந்தது. அதனால் பயனடைந்தோர் பிற்காலத்தில் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற ஆயிரக்கணக்கான அயல்நாட்டு மாணாக்கரே.

அயல்நாட்டார் ஆடிய கட்சி ஹோவர்டு ஒன்றுதானா எனின், இல்லை. இருமுறை தொடர்ந்து இறுதிப் பந்தயம் வரை வந்து ஸெயிண்ட் லூயிஸிடம் தோற்ற லாஸ் ஆஞ்சலிஸ் நகர யூ.ஸி.எல்.ஏ. கட்சியிலும் அயல்நாட்டு மாணாக்கர் பலர் இருந்தனர். எனவே தங்கள்மேல் மாத்திரம் கண்ணோட்டம் விழுந்ததற்குக் காரணம் தங்கள் நிறமே என ஹோவர்டு ஆட்டக்காரர் கருதினர். அயலூர் மைதானங்களில் தாங்கள் கேட்ட வசைமொழிகளையும் அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். விதிகளை எழுத்துக்கு எழுத்து நோக்கிய சங்கத்தார் அவ்வாறு ஒப்பவில்லை. ஐந்தாண்டு விதியைக் கலாசாலையார் கவனமாய்ப் பார்த்திருக்கவேண்டும் என்பதை நாமும் மறுக்கமாட்டோம். ஏடுகளைச் சரிவர வைத்திருப்பது ஆட்டக்காரனுடைய கடமையன்று, ஆபீஸின் கடமை. ஆயினும் தண்டனை ஆட்டக்காரனுக்கே கிடைக்கின்றது.

1973ஆம் ஆண்டுப் பருவம் அவர்களுக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை ஆடிப் பழகியோர் எளிதில் ஊகிப்பர். பந்தயங்கள் உண்டு, முடிவில் எட்டவேண்டிய இடம் இல்லை. அவ்வாண்டும் பட்டம் ஸெயிண்ட் லூயிஸுக்கே சென்றது.

1974ஆம் ஆண்டில் தடை நீங்கிற்று. பிலிப்ஸ் தம் மாணாக்கர் முன் ஒரே சொல்லை வைத்தார்: வாய்மை. வில்லியம் கல்லன் பிரையண்ட் என்னும் அமெரிக்கக் கவியின் பாடலில் வாய்மையைப் பற்றி வரும் ஒரு வரியை எடுத்து அதனையே அவ்வாண்டின் மந்திரமாக்கினார். டிரினிடாட்டைச் சேர்ந்த இயன் பெயின் முதலாய பழைய ஆட்டக்காரருக்கு அது வெறுஞ் சொல்லன்று. தங்கள் கையிலிருந்து பட்டம் பறிபோனதைக் கண்டவர்கள் அவர்கள். புதிதாய் வந்தோர் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டனர். வெற்றி பெற்றால் மாத்திரம் போதாது, எவரும் ஒரு குறையும் எழுப்ப இயலாதபடி வெற்றி பெறவேண்டும் என்பதே அவ்வாண்டின் நோக்கமாயிருந்தது என்று கூறலாம்.

அப்பருவத்தில் அவர்கள் ஆடிய பந்தயங்கள் 19, வென்றவை 19. அடித்த கோல்கள் 63, வாங்கியவை 6. இவ்வெண்களில் எம் கருத்தைப் பெரிதும் கவர்வது கடைசி எண்ணே. முன்வரிசையில் இரண்டு சிறந்த ஆட்டக்காரர் இருப்பின் அறுபது கோல் அடித்துவிடலாம். பத்தொன்பது பந்தயங்களில் ஆறே கோல் வாங்குவதற்குப் பதினொருவரும் ஒருவரையொருவர் நம்பவேண்டும். பந்தை இழந்த கணத்திலேயே முன்வரிசையான் திரும்பி ஓடவேண்டும். இது திறமையைவிட மனத்தைப் பொறுத்தது. அவ்வாறனுள்ளும் இரண்டு, கடைசி இரு பந்தயங்களில் வாங்கியவை. அரையிறுதியில் நியூயார்க் மாகாணத்து ஹார்ட்விக் கலாசாலையை இரண்டுக்கு ஒன்றாய் வென்ற பின், முதற் பதினேழு பந்தயங்களில் நான்கே கோல் வாங்கிய அக்கட்சி, இறுதிப் பந்தயத்திற்கு வந்தது.

எதிரே நின்றது யார் என்று சொல்லவும் வேண்டுமோ? ஸெயிண்ட் லூயிஸ். இடமும் ஸெயிண்ட் லூயிஸ் நகரமே. புஷ் ஞாபகார்த்த மைதானம். இரண்டாண்டு தொடர்ந்து பட்டத்தை வைத்திருப்போர், தம் சொந்த ஊரில், தம் ஊரார் ஆரவாரத்தினிடையே ஆடினர். குறித்த நேரம் முடிந்தபோது இரு கட்சிகளும் ஒவ்வொரு கோலுடன் நின்றன. அதிகப்படி நேரம் கொடுக்கப்பட்டது, முடிவில்லை. மீண்டும் கொடுக்கப்பட்டது; முடிவில்லை. மூன்றாம் முறையும் அவ்வாறே. தொண்ணூறு நிமிஷம் ஓடிய கால்களுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு நிமிஷமும் என்ன செய்யும் என்பதை, ஒரே ஓர் அதிகப்படி நேரம் ஆடியவனும் மறவான். முழங்காலுக்குக் கீழே கால் தன்னுடையதாயிராது; பந்து வருவது தெரியும், உடல் நகராது. அந்நிலையில் ஆட்டத்தை முடிப்பது பெரும்பாலும் சாதுரியமன்று, யாரோ ஒருவர் வைத்திருக்கும் கடைசி ஓட்டமே. நான்காவது அதிகப்படி நேரத்தில் நைஜீரியா நாட்டினரான கென்னத் இலோடிக்வே பந்தைக் கோலுக்குள் செலுத்தினார். இரண்டுக்கு ஒன்று. பருவம் முடிந்தது.

அப்பட்டத்தின்மேல் ஒருவரும் கை வைக்கவில்லை. பிலிப்ஸ் 1980 வரை அங்கே பயிற்சியாசிரியராயிருந்தார். ஹோவர்டு 1988இல் மறுபடியும் இறுதிப் பந்தயத்தை எட்டி இண்டியானா சர்வகலாசாலையிடம் ஒன்றுக்குப் பூஜ்யமாய்த் தோற்றது. ஸெயிண்ட் லூயிஸோ 1973க்குப் பின் இன்றுவரை தலைமைப் பட்டம் பெறவில்லை. பெயின் முதலியோரின் நினைவுகளைக் கொண்டு 2016ஆம் ஆண்டில் ஒரு சிறு ஆவணப்படம் வெளிவந்த பின்னரே அமெரிக்க இளைஞர் பலருக்கு இச்செய்தி தெரியலாயிற்று.

1971ஆம் ஆண்டுப் பட்டம் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. தோற்ற ஸெயிண்ட் லூயிஸுக்கும் அது வழங்கப்படவில்லை. சங்கத்தார் வெளியிடும் தலைமைப் பட்டியலை எடுத்துப் பார்ப்போர், 1970க்கு எதிரே ஸெயிண்ட் லூயிஸ் என்றும், 1972க்கும் 1973க்கும் எதிரே ஸெயிண்ட் லூயிஸ் என்றும், 1974க்கு எதிரே ஹோவர்டு என்றும் காண்பர். 1971க்கு எதிரே எக்கலாசாலையின் பெயரும் இல்லை.